கூட்டமில்லாத இடத்திலிருந்து எவரெஸ்ட்டைப் பார்க்க வேண்டும், ஷெர்பா ஊர்கள் வழியாக நடக்கவும் வேண்டும். எங்கே போகலாம்?

பிக்கே பீக். கிழக்கு நேபாளத்தின் சோலு பகுதியில் இருக்கிறது, உயரம் 4,065 மீட்டர். கயிறு கட்டி ஏறும் சிகரம் இல்லை, புல் முகட்டில் நடந்தே ஏறலாம். எவரெஸ்ட் அடிவார நடைக்குப் போகிறவர்கள் இறங்கும் லுக்லாவுக்கான விமானத்துக்கும் காத்துக் கிடக்க வேண்டாம்.

காத்மாண்டுவில் காலையில் ஷேர் ஜீப் பிடித்தால் சாயங்காலம் தாப் என்ற ஊருக்குப் போய்விடலாம். மறுநாள் நடந்து ஜாப்ரே, அடுத்த நாள் பிக்கே அடிவார முகாம், அதற்கடுத்த விடியலில் உச்சி. பிறகு லம்ஜுரா கணவாய் (3,530 மீட்டர்) பக்கமாக ஜுன்பேசிக்கு இறங்கி, அங்கிருந்து பாப்லு. நடை மட்டும் நான்கு நாள்.

பலருக்கும் உடம்பு படுத்துவது இதில்தான். 1,400 மீட்டரில் இருக்கும் காத்மாண்டுவிலிருந்து ஜீப் ஒரே நாளில் 2,800-க்கு மேல் ஏற்றிவிடுகிறது. தாப்பும் ஜாப்ரேயும் ஏறக்குறைய ஒரே உயரம். அங்கிருந்து ஒரே தாவலில் சுமார் 3,600-ல் இருக்கும் முகாமில் போய்ப் படுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அதனால் ஜாப்ரேயில் இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் உள்ள பகலில் முகாம் பாதையில் முந்நூறு, நானூறு மீட்டர் ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குங்கள். முகாமில் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ நடை தள்ளாடினாலோ மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது, இறங்கிவிட வேண்டும்.

முகாமிலிருந்து உச்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அக்டோபரில் காலை நாலு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஹெட்லைட், காற்றுப் புகாத மேல்சட்டை, இரட்டைக் கையுறை கட்டாயம். குளிரை விட முகட்டுக் காற்றுதான் விரட்டும். கொடிகள் கட்டிய முதல் மேட்டைப் பார்த்ததும் உச்சி என்று நினைத்து நின்றுவிடாதீர்கள், உயரமான மேடு அடுத்தது.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. எவரெஸ்ட் இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வடகிழக்கில் இருக்கிறது. நமக்குத் தெரிவது அதன் தென்மேற்கு முகம். விடியலில் அது நிழலில் இருக்கும், கருப்பு முக்கோணமாகத்தான் படத்தில் விழும். அந்த நேரத்தில் வடக்கே கௌரிசங்கர் சிகரத்தைப் பாருங்கள், வெயில் நேராக அடிக்கும். எவரெஸ்ட் சிவப்பதைப் பார்க்க மாலையில் ஏற வேண்டும். அக்டோபரில் மதியத்துக்குள் மேகம் மூடிவிடும் நாட்கள் அதிகம், நவம்பர் கடைசி, டிசம்பரில் மாலையிலும் திறந்திருக்க வாய்ப்பு கூடுதல். ஏப்ரலில் குராஸ் (ரோடோடென்ட்ரான்) பூத்துக் காடே சிவக்கும், ஆனால் தூரத்துக் காட்சி மங்கல். என் ஓட்டு நவம்பருக்கு.

சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல் இல்லை, தால் பாத் (பருப்பும் சோறும்) எங்கும் உண்டு. ரிகி குர் கிடைத்தால் விடாதீர்கள்: பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, மாவு கலந்து, தடிமனான அடை போலக் கல்லில் வார்ப்பார்கள். மேலே வெண்ணெய் உருகும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். விடுதிகளில் இரவுச் சாப்பாட்டை வந்தவுடனே சொல்லிவிடுங்கள், அடுப்பு ஒன்றுதான். அறை வாடகை குறைவு, சாப்பாட்டில்தான் அவர்களுக்கு வருமானம். ஆகவே தங்கும் இடத்திலேயே சாப்பிடுவது மரியாதை. மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர் வந்தால் அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள்.

முகட்டில் தண்ணீர் அரிது, ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமக்க வேண்டும். உச்சியிலிருந்து ஜுன்பேசி வரை 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்கால் பிடிப்பது இங்கேதான், ஊன்றுகோல் இரண்டும் இந்த ஒரு நாளுக்காகவே வேண்டும்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். வழியில் ஏடிஎம்மை நம்பாமல் மொத்தப் பணத்தையும் காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

பாப்லுவில் விமானத் தளம் உண்டு, மேகம் வந்தால் விமானம் வராது. ஜீப்பில் காத்மாண்டு திரும்ப ஒரு முழுப் பகல் ஆகும். முந்தின நாள் சாயங்காலமே சீட்டு சொல்லி வைத்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்தை அடுத்த நாளே போடாமல், நடுவில் ஒரு நாள் விடுங்கள்.