ஒரு செல் எப்படிப் புற்றாகிறது? மரபணு குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஒரு மரபணு மாற்றம் நல்ல செல்லைப் புற்றுநோய்ச் செல்லாக்கிவிடுமா?

பதில்: பெரும்பாலான கட்டிகளில் ஒன்று போதாது. பெருங்குடல் புற்றுநோயில் வழக்கமாக முதலில் ஏபிசி (APC) மரபணு செயலிழந்து குடற்சுவரில் சிறு கழலை தோன்றுகிறது. பின்னர் கேராஸ் மரபணு மாறி, பெருகச் சொல்லும் கட்டளையை ஓயாமல் பிறப்பிக்கிறது. அதன்பின், சேதமடைந்த செல்லை மடியச் செய்ய வேண்டிய டிபி53 மரபணு பழுதாகிறது. இதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகும் என்பதால், அதற்குள் கழலையை அகற்றினால் நோயையே தடுக்கலாம்.

கேள்வி: புகைபிடித்த என் தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த மரபணு மாற்றம் எனக்கும் வருமா?

பதில்: மரபணு மாற்றம் வேறு, பரம்பரை வேறு. புகையால் நுரையீரல் செல்லில் நேர்ந்த மாற்றம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. பிறவிப் பழுதால் வரும் புற்றுநோய்கள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடே.

கேள்வி: விழித்திரைப் புற்றுநோய்க்கு ஆர்பி1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாக வேண்டும் என்கிறார்கள். பாடநூலோ அதை ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதி பழுதானாலே வெளிப்படுவது என்கிறது. இது முரண் அல்லவா?

பதில்: மிக நல்ல கேள்வி. 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து இதற்கு விளக்கம் தந்தார். பரம்பரை வகையில் குழந்தையின் எல்லாச் செல்களிலும் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருக்கிறது. விழித்திரை உருவாகும்போது பெருகும் எண்ணற்ற செல்களுள் ஏதேனும் ஒன்றாவது மற்றப் பிரதியையும் இழப்பது ஏறக்குறைய உறுதி. ஆகவே குடும்பத்தில் பார்த்தால் ஓங்கு பண்பு, செல்லுக்குள் பார்த்தால் ஒடுங்கு பண்பு, அதாவது இரு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படுவது. இவ்வகை பெரும்பாலும் இரு கண்களிலும் இளவயதிலேயே தோன்றுவதும், இரு பழுதுகளும் ஒரே செல்லில் தற்செயலாக நேர வேண்டிய பரம்பரையல்லாத வகை ஒரு கண்ணில் சற்றுப் பிந்தித் தோன்றுவதும் இதனால்தான்.

கேள்வி: ஒரு மாற்றம் போதாது என்றீர்கள், மறுக்கிறேன். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே மாற்றம் போதுமே?

பதில்: அந்நோயின் தொடக்கத்துக்குப் போதும் என்பதை ஏற்கிறேன். அங்கே மரபணு செயலிழப்பதில்லை. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 9ஆவதும் 22ஆவதும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற புதிய மரபணு பிறந்து ஓயாமல் இயங்குகிறது. இப்பரிமாற்றத்தை 1973இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டினார். எனினும் நோய் முற்றிய நிலைக்குச் செல்ல, அங்கும் கூடுதல் மாற்றங்கள் சேர்கின்றன.

கேள்வி: தாத்தாவுக்கு வாய்ப் புற்றுநோய் இருந்தது. எனக்கும் வருமா?

பதில்: இதே கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது. தந்தையின் நுரையீரல் குறித்த பதிலைப் படியுங்கள். புகையிலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: அக்காள் மகனுக்கு இரு கண்களிலும் விழித்திரைப் புற்றுநோய். அவன் தங்கை பிறந்து ஒரு மாதமே ஆகிறது.

பதில்: காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மகனின் ஆர்பி1 பழுது எதுவென்று பரிசோதனையில் தெரிந்தால், அதே பழுது தங்கைக்கு உண்டா என்று இரத்தத்தில் பார்க்கலாம். அப்பழுது அவளுக்கு இல்லையென்று உறுதியானால், மயக்கமருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் கண் பரிசோதனைகள் தேவைப்படா.