தடைக்காலத்திலும் வரும் தவணை

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் மீன் வியாபாரம் செய்கிறேன். கரையில் ஏலம் எடுத்து, உச்சிப்புளியிலும் வழியில் உள்ள ஊர்களிலும் கொடுத்துவிட்டு மீதியை ராமநாதபுரத்தில் போடுவேன். மீன்பாடு நன்றாக இருக்கும் நாட்களில் பரமக்குடி வரை போவதுண்டு. 2008-ல் வாங்கிய குட்டி யானை வண்டி (டாடா ஏஸ்) இனி தாங்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருக்காரர் அதை விறகு ஏற்றக் கேட்கிறார்.

கையில் நான்கு லட்சம் இருக்கிறது. என் மைத்துனர் புதிய பிக்கப் எடுக்கச் சொல்கிறார். விலை பத்து லட்சம். இரண்டு லட்சம் கட்டினால் எட்டு லட்சத்துக்குக் கடன் ஏற்பாடு செய்து தருகிறார்களாம். 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு, மாதம் 17,400 ரூபாய் தவணை. "ஓட்டை வண்டியோடு கரைக்குப் போனால் எவன் மதிப்பான்?" என்கிறார். தொண்டிப் பக்கம் 2015-ஆம் ஆண்டு பிக்கப் ஒன்று 2,90,000 ரூபாய்க்கு வருகிறது. கருவாடு ஏற்றிய வண்டி. என்ஜின் நன்றாக இருக்கிறது, புதிதாகப் பெயின்ட் அடித்து அடியிலும் கறுப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். என் மனைவி பழையதே போதும் என்கிறார். மகன் ஓட்டுவான், அவனிடம் கார் உரிமம் இருக்கிறது. பின்னால் ஐஸ் பெட்டி வைக்கும் எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், மண்டபம்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதே சரி. பழைய வண்டியே வாங்குங்கள். ஆனால் அந்தத் தொண்டி வண்டி வேண்டாம்.

முதலில் கடனைப் பேசிவிடுவோம். மாதம் 17,400 என்றால் ஐந்து ஆண்டில் 10,44,000 ரூபாய் கட்டுகிறீர்கள். எட்டு லட்சத்துக்கு வட்டி மட்டும் 2,44,000. அந்த வட்டியோடு இன்னும் ஐம்பதாயிரம் சேர்த்தால் நீங்கள் பார்த்த பழைய வண்டியின் விலை வந்துவிடும். ஆனால் எனக்கு வட்டியைவிடப் பெரிய கவலை தேதி. தவணை ஒவ்வொரு மாதமும் அதே தேதிக்கு வரும். உங்கள் வருமானம் அப்படி வருகிறதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கதி. அதற்கும் எல்லா வியாபாரிகளும் முட்டி மோதுவதால் ஏல விலை ஏறிவிடும், உங்கள் கையில் நிற்பது குறையும். தடை இல்லாத காலத்திலும் பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போனால் வேலைநிறுத்தம். அது எத்தனை நாள் நீளும் என்று ஜோசியராலும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் நடுவே வங்கிக் கணக்கில் ஐந்தாம் தேதியோ பத்தாம் தேதியோ பணம் இருந்தாக வேண்டும். தடைக்காலத் தவணை இரண்டு மட்டும் 34,800 ரூபாய். மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது அரைத் தவணைக்கும் காணாது. வியாபாரியான உங்களுக்கு அதுவும் கைக்கு வராது.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, இதைவிட நல்ல நேரம் வராது என்று விற்பவர்கள் சொல்வார்கள். வரி குறைந்தது உண்மைதான். அதற்காக மே மாதத்துத் தவணை நின்றுவிடாது.

"புதியது எடுத்தால் கையில் இரண்டு லட்சம் மிஞ்சும், பழையது எடுத்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தானே" என்று மைத்துனர் கேட்கக்கூடும். ஓர் ஆண்டுத் தவணை 2,08,800 ரூபாய். மிஞ்சுவதாகச் சொல்லும் பணம் ஓர் ஆண்டுக்கும் வராது. அதற்குப் பிறகும் நான்கு ஆண்டு பாக்கி நிற்கும்.

பழைய வண்டி செலவு வைக்காது என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் வைக்கும். கிளட்ச் தட்டு, ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய், டயர் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அந்தச் செலவில் பெரும்பகுதியை எப்போது செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நான் பழைய வண்டியின் பக்கம் நிற்பதற்குக் காரணமே இதுதான். படகுகள் கரையேறி, அடி சுரண்டி, பெயின்ட் அடித்து நிற்கும் அதே ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் வண்டியும் பட்டறையில் நிற்கட்டும். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அதையும் தடைக்காலத்தில் ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்தடுத்த ஆண்டும் அதே பருவத்தில்தான் வரும், தொழில் நாள் ஒன்றும் வீணாகாது. வண்டி ஓடும் மாதங்களில் ஐந்தாயிரம் ரூபாயை வண்டிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஒரு மாதம் முடியவில்லை என்றால் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

மதிப்பைப் பற்றி மைத்துனர் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. கரையில் எந்த வியாபாரிக்கு மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எடுத்த ஏலத்துக்கு அன்றைக்கே பணத்தை எண்ணி வைப்பவருக்குத்தான் நல்ல மீன் கூறு கிடைக்கிறது. "நாளைக்குத் தருகிறேன்" என்பவர் எந்த வண்டியில் வந்து இறங்கினாலும் ஏலக்காரர் முகம் மாறிவிடும். தவணைக்காக ஏலப் பணத்தில் கை வைக்கத் தொடங்கி, கடைசியில் கரையையே விட்டுப் போன குடும்பங்களை இந்தக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

புதிய வண்டியே சரியாக இருக்கும் ஆட்களும் உண்டு. இரவோடு இரவாகக் கேரளத்துக்கு லோடு அடிப்பவர் நடுவழியில் நிற்க முடியாது. இறால், நண்டு வாங்கும் கம்பெனியிடம் ஒப்பந்தம் போட்டு மாத வாடகை பெறுபவருக்குத் தவணையும் வருமானமும் ஒரே தாளத்தில் போகும். அவர்கள் தயங்காமல் எடுக்கலாம். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிய புகை விதிப்படி வரும் பிஎஸ்-6 வண்டிகள் பழையவற்றைவிடப் புகை குறைவாக விடுகின்றன என்பதும் உண்மை, அது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் அந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரி எரிந்து போக வேண்டுமானால் புகைபோக்கி நன்றாகச் சூடேறும்படி வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நீங்களோ கரையிலிருந்து ஐஸ் கம்பெனிக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு, ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறவர். அப்படி ஓடும் வண்டியில் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், கம்பெனிப் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். பழைய டீசல் என்ஜினை ராமநாதபுரத்தில் எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள்.

இனி அந்தத் தொண்டி வண்டி. நம் கடற்கரையில் பழைய வண்டி வாங்குபவர்கள் என்ஜினைக் கேட்டுக் கேட்டே ஏமாறுகிறார்கள். என்ஜினை இறக்கிச் சரி செய்யலாம். வண்டியையே தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் அரித்துவிட்டால் எதுவும் செய்வதற்கில்லை. மண்டபத்தில் நிலம் ஒரு குறுகிய நாக்கு, ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் இரும்பின் மேல் உப்புத்தான் படிகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானச் சோதனைக்கென்று ஒரு மையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பூச்சும் தேவைப்பட்டன.

மீன் வண்டிக்குக் காற்றோடு முடிவதில்லை. ஐஸ் உருகி மீன் கழிவோடும் உப்போடும் கலந்து, பின்கதவு இணைப்பு வழியாகக் கீழே வடிகிறது. போன மாசியில் பாம்பன் பக்கம் ஒரு பட்டறையில் பிக்கப் ஒன்றின் சரக்கு ஏற்றும் தொட்டியை நெம்பி எடுத்ததை அருகில் நின்று பார்த்தேன். மேலே பளபளவென்று நீலப் பெயின்ட். தொட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் மரக்கட்டை உப்பு நீரில் ஊறிக் கறுத்திருந்தது. அந்தக் கட்டை அமர்ந்திருந்த இடத்தில் இரும்பு ஏடு ஏடாக உரிந்தது. மெக்கானிக் விரலால் ஓர் ஏட்டைப் பிய்த்தார், அதற்கு அடியில் இன்னோர் ஏடு. பின்சக்கரத்துக்கு மேலே வளையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், முனை உள்ளே போய்விட்டது. பிரேக் குழாயைச் சேசிஸோடு பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றினால், கிளிப்புக்கு அடியில் மட்டும் குழாய் பாதியாக மெலிந்திருந்தது. சேறும் உப்பும் தங்கிய இடம் அது. அந்த வண்டி அதுவரை ஆளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போய் வந்துகொண்டிருந்தது.

இதை நினைத்துத்தான் தொண்டி வண்டியின் கறுப்புப் பூச்சைக் கண்டு அஞ்சுகிறேன். நல்ல இரும்பின் மேல் அடித்தால் அந்தப் பூச்சு காப்பாற்றும். துருவின் மேல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்து அரிப்பைத் தொடர விடும், பார்ப்பவர் கண்ணையும் மறைக்கும். விற்பதற்கு முன் அவசரமாக அடித்த பூச்சு எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. கருவாட்டு வண்டிக்கு உப்பு இன்னும் கூடுதல்.

மேற்கே போய்த் தேடுங்கள். பரமக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டைப் பக்கம் மிளகாய், பருத்தி, காய்கறி ஏற்றிய வண்டிகள் விற்பனைக்கு வரும். 2015-தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். உப்பு படாத 2013 வண்டி, மீன் சுமந்த 2018 வண்டியைவிட உங்களுக்கு அதிக நாள் உழைக்கும். சிவகங்கையின் டிஎன்-63, விருதுநகரின் டிஎன்-67 எண்களைக் கண்டால் நின்று பாருங்கள். எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம், பரமக்குடி வண்டிக்கும் ராமேஸ்வரம் வண்டிக்கும் டிஎன்-65-தான். தொட்டியின் மூலையில் மூக்கை வைத்துப் பாருங்கள், மீன் ஏற்றிய வண்டியில் எத்தனை கழுவினாலும் வாடை போகாது. சிறிய சுத்தியலால் சேசிஸை முழுநீளத்துக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று அடங்கும்.

என்ஜினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில், யாரும் முன்கூட்டியே சூடேற்றி வைக்காத நிலையில், உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளினால் என்ஜின் உள்ளே தேய்ந்து காற்று கசிகிறது (பேக் கம்ப்ரஷன் என்பார்கள்), விட்டுவிடுங்கள். நீலப் புகை வந்தாலும் அப்படியே. உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போய் அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள்.

காகிதம். விற்பவரின் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், நீங்கவில்லை என்றால் படிவம் 35-ம் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இதே கவனம் உங்கள் குட்டி யானைக்கும் வேண்டும். தெரிந்தவர்தானே என்று பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தச் சேசிஸும் பதினேழு ஆண்டுக்கு மேலாக மண்டபத்துக் காற்றைக் குடித்தது. ஆகவே விறகு ஏற்ற அதை விற்கும் முன் மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவர் ஆபத்து என்றால் ஓடும் வண்டியாக விற்காமல் பதிவை ரத்து செய்து இரும்புக்குப் போட்டுவிடுங்கள். பணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மகனின் உரிமம் பற்றிக் கவலை இல்லை. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

ஐஸ் பெட்டி கட்டாயம் வையுங்கள், மீனுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது. பெட்டியின் அடியில் வடிகுழாய் ஒன்று போட்டு, அதைச் சேசிஸைத் தொடாமல் பின்பக்கமாக வெளியே கொண்டுவந்து, முனைக்கு மூடி போட்டுவிடுங்கள். ஓடும்போது திறந்து விட வேண்டாம். மீன் தண்ணீர் ரோட்டில் வடிந்தால் பின்னால் வரும் இருசக்கர வண்டிகள் வழுக்கி விழும். லோடு இறக்கிய பிறகு ஒதுக்குப்புறமாக நிறுத்தி வடித்துவிட்டு, தொட்டியையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். மண்டபத்தில் குடிநீருக்கே திண்டாட்டம் என்பது தெரியும், கிணற்று உப்புத் தண்ணீரால் கழுவிப் பயனில்லை. ராமநாதபுரத்தில் மீனை இறக்கியதும் அங்கேயே ஒரு வாட்டர் சர்வீஸில் அடித்துக்கொண்டு ஊர் திரும்புவது மகனுக்குப் பழக்கமாகட்டும்.

அன்புடன்