கேள்வி – பதில்: தளர்ந்த ஜெம்பேயும் நழுவும் மணியும்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்கு, கானாவின் அக்கான் மக்கள் சொல்லும் சிலந்தி அனான்சே கதையை 40 நிமிட இசை நாடகமாகப் பழக்குகிறோம். வானக் கடவுள் நியாமேயிடம் கதைகளை வாங்க அவன் மலைப்பாம்பு, குளவி, சிறுத்தையைப் பிடிக்கும் கதை. 12 எண்ணிக்கைக்கு 7 அடி மணித்தாளத்தில் பிள்ளைகள் தப்புகிறார்கள். மழையில் எங்கள் இரண்டு ஜெம்பேயும் (கையால் தட்டும் மேற்கு ஆப்பிரிக்க மேளம்) மந்தமாகிவிட்டன.
– ஆசிரியை, தக்கலை

பதில்: முதலில் மணியைப் பாருங்கள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். மணி விழுவது 1, 3, 5, 6, 8, 10, 12-இல். கால் விழுவது 1, 4, 7, 10-இல். 4-லும் 7-லும் கால் உண்டு, மணி இல்லை. அங்கேதான் பிள்ளைகள் மணியையும் காலோடு சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். நடந்துகொண்டே ‘தகிட’ நான்கு தடவை சொல்லவையுங்கள், ஒவ்வொரு ‘த’வுக்கும் ஒரு காலடி. முதல் தகிடவில் த, ட; இரண்டாவதில் கி, ட; மூன்றாவதில் கி மட்டும்; நான்காவதில் த, ட. இவற்றுக்கு மட்டும் கைதட்டல். இது நிலைத்த பிறகே மணியைக் கையில் கொடுங்கள். இந்தத் தாளத்துக்கான இரட்டை மணி (குச்சியால் தட்டும், இரண்டு நாதம் தரும் இரும்பு மணி) இல்லையென்றால், நீளம் வேறுபட்ட இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டலாம். குழாயைக் கையால் பிடித்தால் நாதம் அடங்கிவிடும்.

ஜெம்பேயின் ஆட்டுத்தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரமாக இருக்கும்போது கயிற்றை இழுத்துக் கட்டவே கூடாது. மேடை விளக்குச் சூட்டில் தோல் காய்ந்து இறுகும்போது கிழிந்துவிடும். ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சூடுகாட்டுங்கள். எண்ணெய் பூசாதீர்கள், தோல் கனத்துவிடும்.

ஜெம்பே, மாலி, கினி பக்கத்து மாண்டிங்கா மக்களின் வாத்தியம். வாசிக்கலாம், ஆனால் அக்கான் மேளம் என்று அறிவிக்காதீர்கள். முகத்தில் கரி பூசுவதும் புல் பாவாடையும் அறவே வேண்டாம். அது அந்த மக்களை இழிவுபடுத்துவது. அக்கான் மக்களுக்குக் கென்டே என்ற அழகான நெசவுத்துணி இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அனான்சே கதை சொல்லும்போது கேட்பவர்கள் இடைமறித்துப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கு ‘ம்போகுவோ’ என்று பெயர். கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’வும் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது எளிதில் பிடிபடும். ஆறு பிள்ளைகளை மேடையேற்றாமல் கூட்டத்தின் நடுவே உட்காரவையுங்கள். பாட்டு நான்கு வரிக்குள் இருக்கட்டும், மெட்டு ஒரே தடவையில் வாயில் நிற்க வேண்டும். சிறுத்தை குழியில் விழுந்ததும் மேடையில் மேளத்தை நிறுத்திவிடுங்கள். பாட்டு கீழேயிருந்து கிளம்பட்டும்.