மகனுக்கு நிறம் பிடிபடவில்லை, கண்ணாடி வாங்கலாமா?

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: தரம் 4இல் படிக்கும் மகன் கொழுந்துக்கு மண்ணிறம் தீட்டுகிறான். ஆசிரியை கவனக்குறைவு என்கிறார். கண் முகாம் நடத்த வந்தவர்களோ விசேட கண்ணாடி போட்டால் குணமாகும் என்று முற்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் மகனுக்கு இருப்பது சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடாக இருக்கலாம். பிறவியிலேயே வரும் அந்தக் குறையைக் குணமாக்கும் கண்ணாடி உலகில் எங்கும் இல்லை. அவர்கள் விற்கும் கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியை வடிகட்டும். சிலருக்குச் சில நிறங்கள் சற்றுப் பிரிந்து தெரியும். கழற்றினால் பழையபடிதான். தவணை முறை என்பார்கள், இன்றைக்கு மட்டும் இந்த விலை என்பார்கள். பற்றுச்சீட்டில் முகவரிகூட இருக்காது. நாட்சம்பளக்காரரின் வாசலுக்கே வந்து இப்படிப் பறிப்பதைத் தடுக்க ஆளில்லை என்பது எனக்குத் தீராத ஆத்திரம். கைத்தொலைபேசியில் காட்டும் சோதனையும் வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும். அரசாங்க வைத்தியசாலைக் கண் பிரிவில், புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா சோதனையைக் கேளுங்கள். அதற்குக் கட்டணமில்லை.

இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருகிறது. உங்கள் அப்பாவுக்கோ தம்பிக்கோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. பார்வை போய்விடும் என்ற பயமும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முன்பு சரியாக நிறம் சொன்ன பிள்ளை திடீரென்று தடுமாறினால், அல்லது ஒரு கண்ணில் மட்டும் நிறம் மங்கினால், அது வேறு நோயாக இருக்கலாம். காசநோய்க்கு எத்தம்பியூட்டோல் மாத்திரை குடிப்பவர்களுக்கும் இப்படி நேரலாம். அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் பார்வை நரம்பு கெடலாம்.

சோதனை முடிவை எழுதி வாங்கி அதிபரிடமும் வகுப்பாசிரியையிடமும் கொடுங்கள். கரும்பலகையில் சிவப்பு வெண்கட்டி அவனுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். வெள்ளையும் மஞ்சளும் போதும். வரைபடத்தில் நிறத்தோடு கோடும் புள்ளியும் போடலாம். மேல்வகுப்பில், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாள் பார்க்கும்போது பக்கத்துப் பிள்ளை நிறத்தைச் சொன்னால் போதும். இவ்வளவு எளிய காரியத்துக்குப் பெற்றோர் கடிதத்தோடு அலைய வேண்டியிருப்பதே கேடு.

வீட்டில் நிறப்பென்சில்களில் பெயரை எழுதி ஒட்டுங்கள். லயத்து அறையின் மங்கிய வெளிச்சத்தில் நிறம் இன்னும் குழம்பும்; வாசல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். வருகிறவர்கள் முன்னால் "இது என்ன நிறம்?" என்று அவனைக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.