பெயர் ஒன்று, பாராமீட்டர் இரண்டு: ரெவிட் கேள்வி-பதில்

கட்டட மாடல் செய்யும் ரெவிட் மென்பொருளில், இந்த முறை ஷேர்டு பாராமீட்டர் கேள்விகளாகவே சேர்ந்துவிட்டன. பல ஃபைல்களில் பொதுவாகப் பயன்படுத்தும் தகவல் புலம்தான் ஷேர்டு பாராமீட்டர்; அதன் விவரம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். இரண்டு அலுவலகங்கள் ஒரே கட்டடத்தில் கை வைத்தால் வரும் வம்புதான் எல்லாம்.

கே: ஆர்க்கிடெக்ட் தந்த கதவு ஃபேமிலியிலும் (கதவின் மாதிரி ஃபைல்) எங்கள் ஃபைலிலும் 'அக்கூஸ்டிக் ரேட்டிங்' என்றுதான் பெயர். ஷெட்யூலில் (மாடலிலிருந்து எடுக்கும் அட்டவணை) இரண்டு ஃபீல்டாக வருகிறதே?

ரெவிட்டுக்குப் பெயர் முக்கியமில்லை. அந்த டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு வரி; வரியின் தொடக்கத்தில் PARAM என்ற சொல்லை அடுத்து, இலக்கமும் எழுத்துமாக 32 குறிகளோடு, நடுநடுவே கோடு போட்ட நீண்ட அடையாளம் இருக்கும். அதுதான் ஜி.யூ.ஐ.டி.; ரெவிட் பாராமீட்டரை அடையாளம் காண்பது இந்த எண்ணால்தான். தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் தபால்காரர் கதவு எண்ணைத்தானே பார்ப்பார்? நீங்களும் அவர்களும் அதே பெயரைத் தனித்தனியே உருவாக்கியதால் எண் வேறாகிவிட்டது.

எது நிற்க வேண்டும் என்று முதலில் பேசி முடிவெடுங்கள். அதை ப்ராஜெக்டில் சேர்த்து, பழைய ஃபீல்டின் மதிப்புகளை டைனமோவால் (ரெவிட்டோடு வரும் ஸ்கிரிப்ட் கருவி) புதியதற்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபேமிலி எடிட்டரில் பாராமீட்டரை மாற்றி ரீலோடு செய்ய வேண்டும். இந்த வரிசை பிசகினால் பழைய மதிப்புகள் போய்விடும். ஒரு மருத்துவமனை வேலையில் நான் அவசரப்பட்டு ஃபேமிலியை முதலில் மாற்றி, இரண்டு இரவு உட்கார்ந்து கதவு கதவாக டைப் அடித்தேன்.

கே: ஆர்க்கிடெக்டின் கதவில் எங்கள் டேக் (வரைபடத்தில் மதிப்பைக் காட்டும் குறி) போட்டால் கேள்விக்குறிதான் வருகிறது.

மதிப்பு காலியா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன நோய்தான்: டேக்கின் லேபிளில் இருப்பது உங்கள் எண், கதவில் இருப்பது அவர்கள் எண்.

கே: மாடலைத் தந்துவிட்டார்கள், டெக்ஸ்ட் ஃபைலைத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கெஞ்ச வேண்டாம். பாராமீட்டரைச் சேர்க்கும் நேரத்தில்தான் அந்த ஃபைல் வேண்டும். சேர்த்த பின் விவரம் மாடலுக்குள்ளேயே இருக்கும். மேனேஜ் டேபில் உங்கள் ஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ப்ராஜெக்ட் பாராமீட்டர்ஸில் வேண்டியதை மாடிஃபை செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். எண் மாறாமல் வந்து சேரும். ஃபேமிலிக்குள் மட்டும் இருப்பதை ஃபேமிலி எடிட்டரில் திறந்து இதே போல எடுக்கலாம்.

கே: இரண்டு அலுவலக ஃபைலையும் காப்பி-பேஸ்ட் செய்து ஒன்றாக்கலாமா?

'கையால் திருத்தாதே' என்று முதல் வரிகளிலேயே எச்சரித்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் திருத்தத்தான் செய்கிறோம். ஆனால் பாராமீட்டர்களைப் பிரித்து வைக்கும் குரூப் எண்ணைக் கவனியுங்கள். உங்களுடையதில் 3 கதவு, அவர்களுடையதில் 3 பம்ப் என்றால், பம்பின் ஃப்ளோ கதவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாடலுக்குக் கேடில்லை, தேடுகிறவருக்குத்தான் தலைவலி. டேப் இடைவெளி ஸ்பேஸாக மாறினால் மட்டும் ஃபைலே படிக்காது. எனக்குப் பிடித்தது மேலே சொன்ன எக்ஸ்போர்ட் வழிதான்.

கே: டெக்ஸ்ட் வகையில் உருவாக்கிவிட்டோம். இப்போது நம்பராக மாற்ற முடியுமா?

முடியாது. புதிதாக, வேறு பெயரில் உருவாக்குங்கள். நோட்பேடில் வகையை மட்டும் மாற்றி அதே எண்ணை வைத்துக்கொள்ளும் குறுக்கு வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பழைய மாடல்களோடு மோதும்.

கே: அடுத்த வேலையில் மூன்று நிறுவனங்கள். ஃபைல் யாரிடம் இருக்க வேண்டும்?

ஒரே ஒருவரிடம். மற்ற இருவருக்கும் படிக்க மட்டும் அனுமதி. புதிது வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். கட்டடத் தகவல் நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 19650 முறையில் வேலை என்றால், மாடல் வேலையை யார் எப்படிச் செய்வது என்று சொல்லும் பி.ஐ.எம். எக்ஸிக்யூஷன் பிளானிலேயே இதை எழுதிவிடுங்கள். ஆஸ்திரேலிய-நியூசிலாந்து ரெவிட் தரநிலையினர் போல ஏற்கெனவே பொதுவில் வெளியிட்டவர்களின் ஃபைலிலிருந்து தொடங்கினால், பாதிச் சண்டை குறையும்.

பலரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. இன்ஸ்டன்ஸா (ஒவ்வொரு பொருளுக்கும் தனி மதிப்பு) டைப்பா (அந்த வகை முழுவதற்கும் ஒரே மதிப்பு), கதவு, பம்ப் என எந்த கேட்டகரி என்பதெல்லாம் அந்த ஃபைலில் இருக்காது. ஒரே ஃபைலை வைத்துக்கொண்டு ஒருவர் பம்பின் ஃப்ளோவை டைப்பாகவும் இன்னொருவர் இன்ஸ்டன்ஸாகவும் சேர்க்க முடியும். அதனால் ஃபைலை அனுப்பும்போது கூடவே ஒரு எக்செல் தாள்: பெயர், ஜி.யூ.ஐ.டி, கேட்டகரி, டைப் அல்லது இன்ஸ்டன்ஸ், நிரப்ப வேண்டியவர் யார். அந்தத் தாளின் கடைசி நெடுவரிசையைக் காலியாக விட்டு அனுப்பினால், அந்த ஃபீல்டும் காலியாகவேதான் திரும்பி வரும்.