சன்னலைத் திறந்து மலை தெரிகிறதா என்று பாருங்கள்: இன்ஸ்புருக் பயணக் கேள்விகள்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகரான இன்ஸ்புருக்கில் நான் குடியேறிப் பதினான்கு வருடமாகிறது. ஊரில் விடுமுறை நெருங்கினால் போதும், சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

மேடம், பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. ஐந்து நாளுக்கு அட்டவணை போட்டுவிட்டோம். திங்கள் நோர்ட்கெட்டே மலை, செவ்வாய் பழைய நகரம், புதன் பனிமலை. சரியாக இருக்கிறதா? (கோயம்புத்தூர்)

அட்டவணை அழகாக இருக்கிறது, ஆனால் மலைக்கு அதைப் படிக்கத் தெரியாது. நகரம் 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தலைக்கு மேலேயே நோர்ட்கெட்டே மலைத்தொடர் 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மேகம் மூடியிருக்கும். என் சித்தப்பா குடும்பம் "திங்கள் என்றால் திங்கள்தான்" என்று பிடிவாதமாக மேலே போனது. ஆளுக்கு நாற்பது யூரோவுக்கு மேல் கொடுத்துவிட்டு, வெள்ளைப் புகைக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற படம்தான் அவர்களிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு அவர்கள் அருங்காட்சியகத்துக்குள் இருந்தார்கள்.

எனவே கிழமை போடாதீர்கள். மலைக்கு இரண்டு, நகரத்துக்கு இரண்டு, சும்மா இருக்க ஒன்று என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்து சன்னலைத் திறந்து, மலை உச்சி தெரிந்தால் மேலே போங்கள். தெரியாவிட்டால் நகரத்தைப் பாருங்கள். ரோப்கார் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கவேண்டாம்.

இன்னொன்று. மே மாதம் இங்கே இரண்டும்கெட்டான் காலம். பனிச்சறுக்குப் பருவம் முடிந்திருக்கும், மலையேற்றப் பருவம் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில்தான் டிரோலின் பல ரோப்கார்களை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். நவம்பரிலும் இதே கதைதான். நீங்கள் போக நினைக்கும் மலையின் இணையதளத்தில் திறக்கும் தேதியைப் பார்த்தபிறகு ஓட்டல் அறை போடுங்கள். நாளை மாற்றமுடியும் என்றால் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை வாருங்கள். மே மாதம்தான் முடியும், பிள்ளைகள் பனியைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், மாதத் தொடக்கத்தில் வந்து ஷ்டூபாய் பனியாற்றுக்குப் போகலாம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

அம்மாவுக்கு 71 வயது. லேசான ரத்த அழுத்தம் உண்டு. அவ்வளவு உயரம் ஏற்றலாமா? (மதுரை)

அம்மா ஊட்டிக்குப் போயிருக்கிறாரா? ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நோர்ட்கெட்டேயின் மேல் நிலையமான ஹாஃபெலேகாரும் ஏறக்குறைய அதே உயரம்தான். வித்தியாசம் என்னவென்றால், ஊட்டிக்கு வளைந்து வளைந்து மணிக்கணக்கில் ஏறுகிறோம். இங்கே பயண நேரம் மொத்தமே இருபது நிமிடம்தான். நகரத்து நடுவிலிருந்து ஹுங்கர்பூர்க் வரை மலை ரயில் (அந்த நிலையங்களை வடிவமைத்தவர் ஸாஹா ஹதீத், 2007), பிறகு இரண்டு ரோப்கார். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, 1,905 மீட்டரில் இருக்கும் ஸேகுரூபே நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அங்கேயே நல்ல காட்சி உண்டு. உடம்பு ஒத்துழைத்தால் மேலே போகலாம். நிலையத்திலிருந்து உச்சிக்குப் போகும் கடைசிக் கால் மணி நேர ஏற்றம் மட்டும் அம்மாவுக்கு வேண்டாம்.

ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி என்று குளிர் கூடும். கீழே அரைக்கைச் சட்டை போதும் என்ற நாளிலும் பையில் ஸ்வெட்டர் இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி மின்னல் சாதாரணம். காலையிலேயே ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

முனிச்சில் மூன்று இரவு, இன்ஸ்புருக்கில் ஐந்து இரவு. விசா எந்த நாட்டுக்குக் கேட்பது? (சென்னை)

அதிக நாள் எங்கேயோ அந்த நாட்டுக்கு, அதாவது ஆஸ்திரியாவுக்கு. நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முனிச்சிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே விசா என்பதால் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். முனிச்சுக்குத் திரும்பும் ரயிலில் ஜெர்மன் போலீசார் ஏறிக் கேட்பது வழக்கம்.

மழை நாளில் நகரத்தில் என்ன இருக்கிறது? தங்கக் கூரையைத் தவிர? (திருச்சி)

தங்கக் கூரை 1500-இல் முடிந்தது. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் கீழே நடக்கும் கேளிக்கைகளைப் பார்ப்பதற்காக எழுப்பிய மாடம்; மேலே முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். அது உண்மையில் ஒரு பலகணி மட்டுமே. கோபுரம் அளவு எதிர்பார்த்து வருபவர்கள் "இதுதானா?" என்று கேட்பதைத் தினமும் பார்க்கலாம். ஐந்து நிமிடம் போதும்.

நேரம் செலவழிக்கவேண்டிய இடம் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹோஃப்கிர்க்கே என்ற தேவாலயம். உள்ளே நடுவில் மாக்ஸிமிலியனின் கல்லறை. இரு பக்கமும் ஆளை விடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள், இறுதி ஊர்வலத்தில் நிற்பதுபோல. ஊர்க்காரர்கள் "கறுப்பு மனிதர்கள்" என்கிறார்கள். அவர்களில் ஆங்கிலேயரின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரும் உண்டு! தன் வம்சத்தை அதுவரை இழுத்துக் கொண்டுபோன மனிதர் மாக்ஸிமிலியன். ஆர்தர் சிலைக்கு வரைபடம் தந்தவர் ஓவியர் டியூரர். பக்கத்தில் போய்க் கவசத்தின் விளிம்பைப் பாருங்கள்; வெண்கலம் என்பதையே மறந்துபோகும் அளவுக்கு நுணுக்கம். பார்வையாளர்கள் தொட்டுத் தொட்டு, கறுத்த உலோகம் அங்கங்கே பித்தளைக் குத்துவிளக்குபோல் மினுங்குகிறது.

இத்தனையும் செய்த கல்லறைக்குள் மாக்ஸிமிலியன் இல்லை. உடல் வீனர் நொய்ஷ்டாட் என்ற ஊரில் இருக்கிறது. 1518-இல் கடைசி முறை பரிவாரத்தோடு இன்ஸ்புருக் வந்தபோது, பழைய பாக்கியைத் தீர்க்காமல் இடம் தரமாட்டோம் என்று விடுதிக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள். அடுத்த ஜனவரியில் வெல்ஸ் என்ற ஊரில் இறந்தார். தேவாலயத்தைக் கட்டியது பேரன்.

இன்னொரு மழை நாள் இருந்தால் பக்கத்து ஊரான ஹாலுக்குப் போங்கள். உப்பும் நாணயமும் வளர்த்த ஊர். 1486-இல் அங்கே அடித்த பெரிய வெள்ளிக் காசுதான் பிற்காலத்துத் தாலர் காசுகளுக்கு முன்னோடி. டாலர் என்ற சொல் அந்தத் தாலரிலிருந்து வந்தது. கூட்டமும் குறைவு.

அக்கா, நாங்கள் சூரிச்சில் இருக்கிறோம். காரில் வெளிக்கிடுவதா, ரயிலா?

ரயில். மூன்றரை மணி நேரம், ஆர்ல்பெர்க் மலைப்பாதை வழியாக. காரில் வந்தால் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டண வில்லை தனி, ஆர்ல்பெர்க் சுரங்கப்பாதைக்குத் தனிக் கட்டணம், இத்தாலி எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய்ப் பக்கம் போனால் இன்னொன்று. பழைய நகரத்துக்குள் கார் போகவும் முடியாது.

நாங்கள் முட்டைகூடச் சாப்பிடமாட்டோம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா? (கும்பகோணம்)

கஷ்டம்தான், மறைக்கவில்லை. மலைக் குடில்களில் சைவம் என்றால் காஸ்ஷ்பாட்ஸ்லன்: மாவுத் துண்டுகளில் பாலாடைக் கட்டி உருக்கி, மேலே பொரித்த வெங்காயம். வாசனையே ஆளை இழுக்கும். ஆனால் மாவில் முட்டை உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம்; கேட்காமல் வாங்காதீர்கள். சமையலறையுள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடவேண்டும். மறந்தால் ரயில் நிலையக் கடைதான் கதி. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுவரலாம். பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். பாலில் செய்தவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் எடுத்துவரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான்.

செப்டம்பரில் மாடுகளுக்குப் பூ முடித்து ஊர்வலம் விடுவார்களாமே? (தஞ்சாவூர்)

ஆம். கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகளைக் குளிருக்கு முன் கீழே ஓட்டிவரும் நாள். நம் மாட்டுப் பொங்கலைப் பார்த்தவர்களுக்குக் கண் நிறையும். பெரிய மலர்க் கிரீடமும் பானை அளவு மணியுமாக மாடுகள் வரும். மணிச்சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். அந்தக் கோடையில் மந்தையில் ஏதாவது விபத்தாகியிருந்தால் அலங்காரம் கிடையாது. ஒரு வருடம் நான் போன கிராமத்தில் மாடுகள் வெறும் தலையோடு இறங்கின, யாரும் பாடவில்லை. ஊருக்கு ஊர் தேதி மாறும் என்பதால் வந்தபிறகு விசாரித்துக்கொள்ளுங்கள். சாலையை மறித்துவிடுவார்கள், பஸ் நேரத்துக்கு வராது. அன்று மாலை முனிச் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் போகவேண்டாம்.