ஓசூர் பில்லும் பெங்களூர் பில்லும்

கேள்வி: பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள். பில் தொகையைக் கணக்கிடும் ஒரே ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) 900 வரி இருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே தொட்டாலும் வேறெங்கோ உடைகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமா? மேலாளர் மூன்று மாதம் தருவதாகச் சொல்கிறார்.
- வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: வேண்டாம். அந்த மூன்று மாதத்தைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பழைய கோடை, அதாவது நிரலை, சீர்செய்வதற்காக வாங்குங்கள். நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனம் 1998-இல் பழைய கோடை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதப் போனது. 5-வது பதிப்பு வரவே இல்லை; 6-வது வந்தபோது 2000 நவம்பர் ஆகிவிட்டது.

அலங்கோலமான அந்த 900 வரிகளுக்குள், கடைக்காரர்கள் சண்டை போட்டு வாங்கிய திருத்தங்கள் புதைந்திருக்கும். 2017-இல் ஜிஎஸ்டி வந்த புதிதில் நானும் இங்கே இப்படி ஒரு கோடில்தான் வேலை பார்த்தேன். வரித் தொகையோடு 0.5 கூட்டி, அப்புறம் பைசாவை வெட்டிவிடும் ஒரு நிரல் வரி அதில் இருந்தது. இந்த அரை ரூபாய் எதற்கு என்று புரியாமல், சுத்தம் செய்கிற வேகத்தில் எடுத்துவிட்டேன். மறுநாள் பல பில்களில் ஒரு ரூபாய் குறைந்தது. சிக்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் போனில் பில் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் வந்தால் முழு ரூபாயாக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு. அதைத்தான் அந்த நிரல் வரி செய்துகொண்டிருந்தது. பெயர் மாற்றியது, கோப்பு பிரித்தது எல்லாம் அதே கமிட்டில் (ஒரு தடவையில் பதிந்து வைக்கும் மாற்றங்களின் தொகுப்பு) கலந்து கிடந்ததால், காரணம் தெரியவே இரண்டு நாள் ஆயிற்று.

நீங்கள் செய்ய வேண்டிய இந்தச் சீர்செய்தலுக்குப் பெயர் ரீஃபாக்டரிங்: விடை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் மாற்றுவது. 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் இதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதியபோதும் அதுதான் நிபந்தனை.

அதனால் முதல் இரண்டு வாரம் கோடைத் தொடாதீர்கள். பழைய பில்கள் ஒரு 200 எடுத்து டெஸ்ட் ஆக்குங்கள்; அதாவது, அதே விடை இன்னும் வருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சோதனைகள். பெங்களூருக்குள் விற்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று பாதிப் பாதி. அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குப் போனால் மொத்தமும் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி). இரண்டு வகையும் வேண்டும். தள்ளுபடி, திரும்பி வந்த சரக்கு, சரியாக 50 பைசாவில் முடியும் வரி, இவையும் வேண்டும். இன்று என்ன விடை வருகிறதோ அதையே டெஸ்டில் போடுங்கள். தப்பாகத் தெரிந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். அதைத் திருத்துவது வேறு வேலை, வேறு கமிட்.

சரி, எங்கே தொடங்குவது? 2025 செப்டம்பர் 22 அன்று, 12 சதவீதத்தில் இருந்த பல பொருள்கள் 5-க்கு இறங்கின. அந்த வாரம் உங்கள் கோடில் எத்தனை இடங்களில் திருத்தினார்கள் என்று கமிட் வரலாற்றைப் பாருங்கள். அந்த இடங்களையெல்லாம் வரிக்கென ஒரே ஃபங்ஷனுக்குக் கொண்டுவாருங்கள், ஒரு தடவைக்கு ஓர் இடம். டெஸ்ட் ஓட்டிப் பச்சை (எல்லாம் சரி) வந்தால் கமிட். சிவப்பு வந்தால் தோண்டிக்கொண்டு உட்காராமல், பழையபடி மாற்றிவிட்டு இன்னும் சின்ன அடியாக வையுங்கள்.

கோடில் புரியாத வரி வந்தால் அழிக்காதீர்கள். கணக்குப் பிரிவில் கொண்டுபோய்க் காட்டுங்கள். 170-வது பிரிவை எனக்கு எடுத்துக் காட்டியது அங்கே இருந்த ஒரு அக்காதான்.